கரி பூசிய விடியல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் கரீபியன் தீவு நாடான கிரெனடாவில் மருத்துவம் படிக்கிறாள். ஆகஸ்டில் அவளைப் பார்க்கக் குடும்பத்தோடு போயிருந்தோம். திங்கட்கிழமை விடியுமுன் சத்தம் கேட்டு ஓட்டல் பால்கனிக்கு வந்தால், உடம்பெல்லாம் கறுப்பு எண்ணெய், தலையில் கொம்பு, காலில் சங்கிலி என்று தெருவே நிறைந்த கூட்டம். ஒருவர் வாயில் செத்த மீன். இறகும் ஜிகினாவுமாக ஒரு கார்னிவலை எதிர்பார்த்திருந்தோம். அடிமைகளாகக் கிடந்தவர்களின் வாரிசுகளே இப்படிக் காட்டுமிராண்டித்தனமாகத் தங்களைக் கேவலப்படுத்திக்கொள்ளலாமா? சின்ன நாட்டுக்கு இந்தச் செலவு தேவையா? அடுத்த வருடம் தானும் பூசிக்கொண்டு போவதாக மகள் சொல்கிறாள். அனுப்பலாமா?

— ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு லாரி பின்கதவுச் சங்கிலியைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு போனது. அந்தச் சத்தத்தில் எனக்கு கிரெனடாவின் தலைநகர் செயின்ட் ஜார்ஜஸின் துறைமுகத் தெரு ஞாபகம் வந்துவிட்டது. அதே நினைப்பாக இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

செலவுக் கணக்கை விட்டுவிடுவோம். 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடாவின் கேரியக்கூ தீவைச் சூறையாடியது. ஆறு வாரத்தில் கிரெனடாவில் விழா நடந்தது. தங்களுக்கு எது தேவை என்று அவர்களுக்குத் தெரியும். இறகும் ஜிகினாவும் கேட்டீர்கள். அது செவ்வாய்க்கிழமை வரும்.

ஆனால் ‘காட்டுமிராண்டித்தனம்’ என்று எழுதினீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. மகளை டாக்டருக்குப் படிக்க வைக்கும் மனிதர், அவளுக்குச் சோறு போடும் ஊரைப் பற்றி இப்படி எழுதலாமா? அந்த வேஷத்தின் பெயர் ஜேப் ஜேப். பிசாசு என்பதற்கான பிரெஞ்சுச் சொல் தேய்ந்து ‘ஜேப்’ ஆனது. முதலில் கிரெனடா பிரான்சிடம் இருந்தது, 1763இல் ஒப்பந்தப்படி பிரிட்டனிடம் போனது. தவக்காலத்துக்கு முன்பு தோட்டத் துரைகள் முகமூடி போட்டு விருந்து நடத்துவார்கள். அடிமைகளுக்கு அங்கே தட்டு ஏந்தும் வேலைதான். 1834 ஆகஸ்ட் 1 அன்று சட்டப்படி விடுதலை வந்தது. ‘பயிற்சிக் காலம்’ என்று சொல்லி மேலும் நான்கு வருடம் அதே கரும்புக் காட்டில் நிறுத்தி வைத்தார்கள். 1838இல்தான் உண்மையில் அவிழ்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தெரு அவர்களுடையது ஆயிற்று.

அந்தத் தெருவில் எப்படி வந்து நின்றார்கள் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகப் பேய், பிசாசு, கறுப்பு மிருகம் என்றெல்லாம் ஏசியிருக்கிறார்கள். சரி, பிசாசுதானே, பார்த்துக்கொள் என்று வந்தார்கள். கறுப்பு என்றுதானே ஏசினாய், இன்னும் பூசிக்கொள்கிறேன் என்று கரியும் கரும்புப் பாகும் பூசினார்கள். பின்னாளில் பழைய என்ஜின் ஆயில். கொம்பு இருக்கிறது என்றாயா, இதோ மாட்டுக் கொம்பு. கரும்புத் தோட்டங்களில் வேலைக்கு எழுப்ப ஊதிய சங்கை இன்று அவர்கள் ஆடுவதற்கு ஊதுகிறார்கள். சங்கிலியும் அதே சங்கிலிதான். ஆனால் அதன் முனை யார் கையில் இருந்தது என்று பார்த்தீர்களா? பால்கனியிலிருந்து அது தெரிந்திருக்காது. இதற்குப் பெயர் கேவலப்படுத்திக்கொள்வதா? ஏசியவனுடைய வார்த்தையைப் பிடுங்கி, அவன் வீட்டு வாசலிலேயே அதைப் போட்டுக்கொண்டு ஆடியவர்கள் அவர்கள்.

நானும் முதலில் பால்கனியில் நின்றவன்தான். தங்கியிருந்த வீட்டம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். மணி நான்குகூட ஆகவில்லை, கதவைத் தட்டி, “கிழிந்த சட்டை ஏதாவது இருந்தால் போட்டுக்கொண்டு கீழே வா” என்றார். வாசலில் ஒரு பெயின்ட் வாளி. உள்ளே கையை விட்டு என் இரண்டு கன்னத்திலும் வழித்துவிட்டார். மெக்கானிக் ஷெட் வாசனை. “என் பாட்டியுடைய பாட்டி அடிமையாகப் பிறந்தவள்” என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் முகத்திலும் பூசிக்கொண்டார்.

துறைமுகத் தெருவில் வெளிச்சம் வரும்போது யார் யாரென்று தெரியவில்லை. எனக்குப் பக்கத்தில் வந்தவர் மீன்காரரா, பள்ளி ஆசிரியரா, வெளிநாட்டுக்காரரா, எப்படிச் சொல்வது? கட்டடத் தொழிலாளியின் ஹெல்மெட்டில் இரண்டு கொம்பைப் பொருத்திய ஒருவர் சங்கிலியை என் காலடியில் ‘ணங்’ என்று போட்டார். ஒதுங்கினேன். அவர் நகரவில்லை, என் கண்ணையே பார்த்தார். குனிந்து எடுத்துக் கையில் கொடுத்தேன். நான் நினைத்ததைவிடக் கனம். என் தோளில் தட்டிவிட்டுப் போனார், அவருடைய ஐந்து விரலும் என் சட்டையில் பதிந்தன. அந்தச் சட்டையை நான் துவைக்கவே இல்லை. இதை எழுதும்போதும் பீரோவில் இருக்கிறது.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போகட்டும். நண்பர்களோடு போகட்டும், பழைய ஷூ போட்டுக்கொள்ளட்டும். என்ஜின் ஆயில் தோலுக்கு ஆகாது. கரியைச் சமையல் எண்ணெயில் குழைத்துப் பூசும் குழுக்கள் இருக்கின்றன, அவர்களோடு சேரச் சொல்லுங்கள். கிளம்புமுன் உடம்பு முழுக்க வாசலைன் தேய்த்துக்கொண்டால் பிறகு கழுவுவது சுலபம். காது மடலுக்குப் பின்னால் தேய்க்க மறக்க வேண்டாம். எனக்கு அங்கே நான்கு நாள் போகவில்லை.

அந்த நேரத்தில் நீங்கள் ஊரில் இருந்தால், கீழே இறங்கி வாருங்கள்.

அன்புடன்