அமெரிக்காவில் விவாகரத்து ஆன வருடம், வரித் தாக்கலில் எந்த நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

வரித் தாக்கல் நிலை என்பது, நீங்கள் தனியாளா, மணமானவரா, பிள்ளையை வைத்துக் குடும்பம் நடத்துபவரா என்று வரித்துறைக்குச் சொல்வது. வரி விகிதமும் நிலையான கழிவும் (வரி கணக்கிடும் முன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் நிர்ணயித்த தொகை) அதைப் பொறுத்தே மாறும்.

அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் பார்ப்பது அந்த வருடத்தின் டிசம்பர் 31-ஐ மட்டும்தான். குரூப் போட்டோ மாதிரி: கேமரா கிளிக் ஆகும்போது யார் நிற்கிறார்களோ அவர்கள்தான் படத்தில் இருப்பார்கள். அன்றைக்குள் இறுதித் தீர்ப்பு வந்திருந்தால் வருடம் முழுக்க நீங்கள் மணமாகாதவர். வழக்கு இன்னும் நடக்கிறதென்றால், பொதுவாக மணமானவர்தான்.

பிள்ளை உங்களோடு இருந்தால் 'சிங்கிள்' என்று அவசரமாக டிக் செய்துவிடாதீர்கள். பாதி வருடத்துக்கு மேல் பிள்ளை உங்கள் வீட்டில் வசித்து, வாடகை, மளிகை, மின்கட்டணம் போன்ற வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் கொடுத்திருந்தால் 'ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்' (குடும்பம் நடத்துபவர்) என்ற நிலை கிடைக்கும். ஒரே வருமானத்தில் வீட்டைத் தாங்குபவருக்குச் சுமை அதிகம் என்பதால்தான் இந்தச் சலுகை. 2024 வரி ஆண்டுக்கு சிங்கிளின் நிலையான கழிவு 14,600 டாலராகவும், இதற்கு 21,900 டாலராகவும் இருந்தது. பிள்ளையோடு தனியாக நிற்பவருக்கு இது பெரிய வித்தியாசம், விட்டுவிடாதீர்கள். தீர்ப்பு வராவிட்டாலும், வருடத்தின் கடைசி 6 மாதம் துணையும் நீங்களும் ஒரே வீட்டில் இல்லாதிருந்து, தனியாகத் தாக்கல் செய்து, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் இதே நிலையைக் கோரலாம்.

பலர் நினைப்பதற்கு மாறாக, ஜீவனாம்சம் கட்டுவதாலோ, படிவம் 8332 மூலம் பிள்ளைக்கான வரிச்சலுகை கைமாறுவதாலோ இந்த நிலை மற்ற பெற்றோருக்குப் போகாது; பிள்ளை யாரோடு அதிக நாள் வசித்ததோ, அவர்தான் அந்தப் பிள்ளையைக் காட்டி இதைக் கோர முடியும்.