டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட் கார் இருக்கறப்ப லெக்ஸஸ் இஎஸ்ஸுக்குக் கூடக் காசு போடலாமாங்க?

ரெண்டும் ஒரே வீட்டு அண்ணன் தம்பிதானுங்க, லெக்ஸஸே டொயோட்டாவோட பிராண்டு, இஎஸ் 300எச்லயும் கேம்ரிலயும் அதே 2.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேந்த ஹைப்ரிட்தான். கூடக் குடுக்கற காசு சத்தம் உள்ள வராததுக்கும் சீட்டு சொகுசுக்கும் போகுது, அதனால டிரைவர் வெச்சு பின்னாடி உக்காந்து போறவங்கன்னா லெக்ஸஸ், தானே ஓட்டறவங்களுக்கு கேம்ரியே போதும்.

திருப்பூர்ல எங்க மாமா கேம்ரி வெச்சிருக்காருங்க, அவிநாசி ரோட்டு நெரிசல்ல ஊர்ந்து போறப்ப எஞ்சின் ஆஃபாகி பேட்டரிலயே போகும், பிரேக் புடிச்சா திரும்ப சார்ஜ் ஏறும், டவுனுக்குள்ளயே மைலேஜ் நல்லா வருதுங்கறாரு. தோட்டத்துக்கு மட்டும் எடுக்கமாட்டாரு, இட்டேரில அடி தட்டுமாமா!

ஹோண்டா அக்கார்டு ஹைப்ரிட் 2016ல இந்தியாவுல போட்டிக்கு வந்துச்சு, நிக்கல. ஜப்பான் கம்பெனிங்களோட சொகுசு பிராண்டுல அமெரிக்காவுல 1986லயே மொதல்ல கடை தொறந்தது ஹோண்டாவோட அக்யூராதான், 1989ல வந்த லெக்ஸஸ் முந்திருச்சுங்க.