2 டிபி பென்டிரைவ் 600 ரூபாய்க்குக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

கேள்வி: கல்லூரியில் விஸ்காம் படிக்கிறேன். வீட்டில் விண்டோஸ் லேப்டாப், லேபில் மேக். ஒரு ப்ராஜெக்ட் 20 ஜிபி வரை வருகிறது, தினமும் எடுத்துப் போய் வர வேண்டும். இணையத்தில் 2 டிபி பென்டிரைவ் 600 ரூபாய்க்குப் பார்த்தேன். வாங்கலாமா? இல்லை ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி என்று போக வேண்டுமா?

பதில்: அந்த 600 ரூபாய் சமாச்சாரத்தைத் தயவுசெய்து வாங்காதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் 16 அல்லது 32 ஜிபி சிப்தான், கம்ப்யூட்டர் கேட்டால் 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதை மாற்றி வைத்திருப்பார்கள். முதல் சில நாள் ஒழுங்காக வேலை செய்யும், உண்மையான கொள்ளளவு நிரம்பிய பிறகு நீங்கள் காப்பி செய்கிற எதுவும் போய்ச் சேராது, அல்லது பழைய ஃபைல் மேலேயே எழுதிவிடும், ஆனால் ஃபைல் பெயரும் அளவும் மட்டும் திரையில் சரியாகத் தெரியும், திறக்கும்போதுதான் விஷயம் புரியும். எந்த டிரைவ் வாங்கினாலும் உங்கள் ஃபைலைப் போடுவதற்கு முன்னால் ஒரு முறை சோதித்துவிடுங்கள். அதற்கென்றே விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கில் எஃப்3 என்று புரோகிராம்கள் உண்டு, இரண்டுமே இலவசம்தான், டிரைவை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். நேரம் பிடிக்கும், ஆனால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள். (நல்ல 64 ஜிபி டிரைவ் விண்டோஸில் 59 சொச்சம் என்றுதான் காட்டும். அது ஏமாற்று இல்லை, கணக்கிடும் முறை வேறு.)

சரி, எது வாங்குவது? உங்கள் வேலைக்கு 500 ஜிபி அல்லது 1 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே ஃபைலை வைக்கும் டிரைவ். காரணம் எழுதும் வேகம். பென்டிரைவ் அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பது படிக்கும் வேகம், எழுதும் வேகத்தைப் பல கம்பெனிகள் அச்சிடுவதே இல்லை. யுஎஸ்பி 3 என்று போட்ட மலிவான பென்டிரைவ்கூட தொடக்கத்தில் வேகமாகப் போய் அப்புறம் விநாடிக்கு 10 எம்பிக்கு இறங்கிவிடும், அந்த வேகத்தில் 20 ஜிபி காப்பியாக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டியில் 400 எம்பி கிடைத்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது, அதிலிருந்தே நேரடியாக எடிட்டும் செய்யலாம். ஹார்ட் டிஸ்க் விலை குறைவுதான், ஆனால் உள்ளே தட்டு சுழல்கிறது, ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் பெரும்பாலும் அதோடு சரி. தினமும் பையில் போட்டுப் பேருந்தில் போகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கேபிளையும் கவனியுங்கள். போனோடு வரும் சார்ஜிங் கேபிள் டைப்-சியாகவே இருந்தாலும் பல நேரம் யுஎஸ்பி 2 தான், அதில் விநாடிக்கு 40 எம்பி தாண்டாது. டிரைவோடு பெட்டியில் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள்.

வாங்கியதும் எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள், உள்ளே ஏதாவது இருந்தால் அழிந்துவிடும், அதனால் முதலிலேயே. எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ், ஃபேட்32 என்பதெல்லாம் டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைகள், ஃபார்மட் செய்யும்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். என்டிஎஃப்எஸ் என்றால் மேக் படிக்கும், எழுத விடாது. ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது, டிரைவில் 100 ஜிபி காலியாக இருந்தாலும் வீடியோ போகாது. எக்ஸ்ஃபேட்டில் இரண்டு தொல்லையும் இல்லை, ஆனால் எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினால் சீக்கிரம் கெட்டுப்போகும், லேபில் மணியடித்த அவசரத்தில் இதுதான் நடக்கிறது.

பிரின்ட் போட, பிபிடி கொடுக்க என்று 32 ஜிபி பென்டிரைவ் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டியைச் செருகவே வேண்டாம். அங்கிருந்து திரும்பியதும் ஃபோல்டருக்குப் பதிலாக ஷார்ட்கட் மட்டும் தெரிந்தால் அதைக் கிளிக் செய்யாதீர்கள், ஃபைல்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டுத்தான் இருக்கும். வேறு வழி யோசிக்காமல் உடனே ஃபார்மட் செய்துவிட வேண்டாம், முதலில் ஆன்டிவைரஸ் ஓட்டுங்கள்.

வாரண்டி மூன்று வருடம், ஐந்து வருடம் என்பதெல்லாம் டிரைவுக்குத்தான், உள்ளே இருக்கும் ஃபைலுக்கு இல்லை. அதனால் ப்ராஜெக்ட்டின் இன்னொரு பிரதி எப்போதும் லேப்டாப்பில் இருக்கட்டும். அங்கே இடம் போதவில்லை, வீட்டில் பழைய ஹார்ட் டிஸ்க் ஏதாவது கிடக்கிறது என்றால், அதை வெளியே எடுத்துப் போகாமல் மேசையிலேயே வைத்து, வாரம் ஒரு முறை அந்தப் பிரதியைப் போட்டு வையுங்கள்.