மகனின் இரண்டாவது டீம்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீடு வியாசர்பாடியில். என் கணவர் சின்ன வயதிலிருந்தே பிரேசில் பக்கம், மாமனாரும் அப்படித்தான். பதினோரு வயது மகனுக்கும் மஞ்சள் ஜெர்சிதான். வெள்ளிக்கிழமை ராத்திரி புயலில் கரண்ட் போய்விட்டதால் பிரேசில் – குரோஷியா உலகக் கோப்பை மேட்சை மூன்று பேரும் ஒரே கைப்பேசியில் பார்த்தோம். தோற்றதும் பையன் அழுதுகொண்டே தூங்கிவிட்டான். காலையில் எழுந்ததும், "இனிமே எந்த டீம்மா நமக்கு? எது கப் அடிக்கும்னு சொல்லு, அதுக்கு மாறிடுறேன்" என்றான். "ஒரே ராத்திரியில கட்சி தாவுறான் பாரு" என்று இவருக்குக் கோபம். இரண்டு நாளாக அவனிடம் சரியாகப் பேசவில்லை. எனக்குக் கால்பந்து அதிகம் தெரியாது. அவன் கேட்டது தப்பா? எந்த டீமைச் சொல்வது?

ஒரு வாசகி, வியாசர்பாடி

டிசம்பர் 12, 2022

அன்புள்ள சகோதரி,

தப்பே இல்லை. முதலில் இதைப் பையனிடம் சொல்லிவிடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

அந்த ராத்திரியை நானும் மறக்க மாட்டேன். மாமல்லபுரம் பக்கம் மாண்டஸ் புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. கூடுதல் நேரத்தில் நெய்மார் கோல் போட்டபோது காற்றையும் மீறி எங்கள் தெருவில் கூச்சல் கேட்டது. 117-வது நிமிடத்தில் பெட்கோவிச் அதைச் சமன் செய்தார். அதற்குப் பிறகு காற்றுச் சத்தம் மட்டும்தான். பெனால்டியில் ரோட்ரிகோ அடித்ததை லிவாகோவிச் தடுத்துவிட்டார், மார்க்கின்யோஸ் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நெய்மாருக்கு முறையே வரவில்லை. பெரியவர்களுக்கே தூக்கம் வராத ராத்திரி, பதினோரு வயதுப் பிள்ளை அழாமல் என்ன செய்வான்?

1990-ல் எனக்கும் கிட்டத்தட்ட அவன் வயதுதான். பெரியப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஜீக்கோ, சாக்ரடீஸ் என்று பழைய பிரேசில் ஆட்டக்காரர்களைப் பற்றி அவர் சொல்லிச் சொல்லித்தான் எனக்குள் பிரேசில் வந்தது. அந்த உலகக் கோப்பையின் இரண்டாவது சுற்றில் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் ஆட்டம். ஆட்டம் முழுக்க பிரேசில்தான் நெருக்கியது. கடைசிப் பத்து நிமிடத்தில் மரடோனா நாலைந்து பேரை இழுத்துக்கொண்டே வந்து ஒரு பந்தைத் தள்ளினார், கனீஜியா கோல் போட்டார். அவ்வளவுதான். பெரியப்பா டிவியை அணைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அவரைப் பார்த்து நானும் அழுதேன்.

மறுநாள் நான் கேமரூனுக்கு மாறினேன். காரணம் சின்னப் பிள்ளைத்தனமானதுதான்: நம்மை அடித்த அர்ஜென்டினாவை முதல் ஆட்டத்திலேயே கேமரூன் அடித்திருந்தது, அதுவும் இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போய் ஒன்பது பேராக முடித்து. ஆனால் சேர்ந்த பிறகு காரணம் மாறிவிட்டது. ரோஜர் மில்லாவுக்கு அப்போது 38 வயது. மாற்று ஆட்டக்காரராகத்தான் இறங்குவார். கொலம்பியாவின் கோல்கீப்பர் ஹிகிட்டா கோலை விட்டு எங்கோ தள்ளி வந்து பந்தோடு விளையாட, மில்லா அதைப் பறித்துக்கொண்டு ஓடி கோல் போட்டு, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஆடினாரே, அதை எத்தனை நாள் நான் எங்கள் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் ஆடியிருப்பேன்! காலிறுதியில் இங்கிலாந்தை 2-1 என்று பிடித்துவைத்திருந்தார்கள். ஏழெட்டு நிமிடம்தான் மிச்சம். அப்போது ஒரு பெனால்டி, கூடுதல் நேரத்தில் இன்னொன்று, இரண்டையும் லினேகர் போட்டார். 3-2. அன்று நான் அழுத அழுகை வேறு. பிரேசிலுக்காக அழுதது பெரியப்பாவிடமிருந்து எனக்கு வந்தது. கேமரூனுக்காக அழுதது நானே தேடிக்கொண்டது. எனக்கென்று ஒரு டீம் இருந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

அதனால்தான் உங்கள் மகனின் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிரேசில் அவனுக்குத் தாத்தா வழியில் வந்த சொத்து. இரண்டாவது டீம்தான் அவன் கையால் எடுக்கப்போவது.

உங்கள் கணவரின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. பிரேசில் கொடி கட்டி வளர்ந்த தெரு அது, 'மினி பிரேசில்' என்று ஊரே சொல்கிற இடம். ஆனால் அவரிடம் ஒன்று கேளுங்கள். உலகக் கோப்பையில் இந்தியா ஒரு முறைகூட ஆடியதில்லை. 1950-ல் பிரேசிலில் நடந்தபோது இடம் கிடைத்தும் நாம் போகவில்லை. அப்படியிருக்க, உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் ஒரு நாள் எதையோ பார்த்து மனம் போய்த்தானே பிரேசிலை எடுத்திருப்பார்? அதே உரிமை பேரனுக்கும் உண்டு. சென்னையின் எஃப்.சி. கிளப் விஷயம் வேறு, அது நம் ஊர். 2018-ல் ஐ.எஸ்.எல். லீக் கோப்பை வாங்கிவிட்டு அடுத்த சீசனில் கடைசி இடத்துக்குப் போனார்கள், நான் எங்கேயும் போகவில்லை. இவனும் போக மாட்டான்.

பிரேசிலையும் அவன் விட்டுவிடப் போவதில்லை. 1994-ல் பிரேசில் கப் அடித்தபோது பெரியப்பாவோடு சேர்ந்து நானும்தான் குதித்தேன். அதே உலகக் கோப்பையில் கேமரூன் ரஷ்யாவிடம் 6-1 என்று தோற்றது. அந்த ஒரு கோலைப் போட்டது 42 வயது மில்லா. அந்த சந்தோஷத்தையும் நான் தனியாக வைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவனோடு எனக்குச் சம்மதம் இல்லை. கப் அடிக்கிற டீம் எது என்று கேட்டு எடுக்க வேண்டாம். அவனுக்கு இப்போது வலிக்கிறது, வலி போக அப்படிக் கேட்கிறான். மிச்சம் இருப்பது நாலு டீம். அவனே பார்க்கட்டும். மெஸ்ஸிக்காக அர்ஜென்டினா என்றால் அப்பா ஒரு வாரம் முறைப்பார், பரவாயில்லை. குரோஷியா என்றாலும் சரிதான். அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகை நம் சென்னை மாநகரத்தைவிடக் குறைவு. போன தடவை இறுதி ஆட்டம் வரை வந்தார்கள், இந்தத் தடவையும் 37 வயது மோட்ரிச் ஓடிக்கொண்டே இருக்கிறார்.

நான் மொராக்கோவுக்குப் போய்விட்டேன். ஐந்து ஆட்டத்தில் அவர்கள் வாங்கியது ஒரே கோல், அதுவும் தங்கள் ஆள் காலில் பட்டுப் போனது. அணியின் 26 பேரில் 14 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், பிழைக்கப் போன குடும்பத்துப் பிள்ளைகள். ஹக்கீமி பிறந்தது மாட்ரிட்டில். அம்மா வீட்டு வேலை செய்தவர், அப்பா தெருவில் வியாபாரம். அந்தப் பிள்ளை ஸ்பெயினுக்கு எதிராகக் கடைசிப் பெனால்டியை, கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய, நட்டநடுவில் மெதுவாகத் தூக்கிப் போட்டான். சனிக்கிழமை போர்ச்சுகலை ஜெயித்ததும் பூஃபால் தன் அம்மாவை மைதானத்துக்குள் கூட்டிவந்து சேர்ந்து ஆடினார். அரையிறுதிக்கு வந்த முதல் ஆப்பிரிக்க அணி இதுதான். 1990-ல் கேமரூன் நின்ற இடத்தைத் தாண்டிவிட்டார்கள். எனக்கு அது போதும்.

இதைப் பையனிடம் சொல்ல வேண்டாம், அப்புறம் அது என் டீமாகிவிடும். அர்ஜென்டினா – குரோஷியா செவ்வாய் ராத்திரி, பிரான்ஸ் – மொராக்கோ புதன் ராத்திரி, இரண்டுமே பன்னிரண்டரைக்கு. சீக்கிரம் படுக்க வைத்துவிட்டு எழுப்பிவிடுங்கள். எழுப்புகிற வேலையை உங்கள் கணவரிடம் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து அவரும் பார்க்கட்டும். யார் பந்து வாங்கும்போது பிள்ளை நிமிர்ந்து உட்காருகிறான் என்று மட்டும் கவனித்து எனக்கு எழுதுங்கள்.