கோரி மீன் (தொட்டியின் அடியில் திரியும் சிறு கெளுத்தி) இட்ட முட்டை எல்லாமே பஞ்சு போலப் பூஞ்சை பிடிக்கிறதா?

வெள்ளையாகிவிட்ட முட்டை இனிப் பொரிக்காது. இன்றைக்கே எடுத்துவிடுங்கள், விட்டால் பக்கத்து நல்ல முட்டைக்கும் பூஞ்சை தாவும்.

தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிய முட்டைகள் இரண்டாம் நாளே மொத்தமாக வெளுத்தன என்கிறீர்கள். ஒன்றுவிடாமல் வெளுத்தால் என் சந்தேகம் ஆண் மீன் மேல்தான். முட்டை கருக்கட்டியே இருக்காது. உங்கள் ஆறு கோரியையும் மேலிருந்து பாருங்கள். அகலமாக, உருண்டையாக இருப்பது பெண், ஒல்லியானது ஆண். ஆண் ஒன்றுதான் என்றால் இன்னும் இரண்டு சேருங்கள். குட்டியாக வாங்காதீர்கள், அந்த வயதில் ஆணா பெண்ணா என்று கடைக்காரர் அடித்துச் சொன்னாலும் நம்ப முடியாது.

ஆண் போதுமான அளவு இருந்தால், அடுத்த சந்தேகம் தண்ணீரின் சூடு. தெர்மாமீட்டரைக் காலையில் பார்த்துப் பயனில்லை, மதியம் 3 மணிக்குப் பாருங்கள். மதுரைச் சித்திரை வெயிலில், மொட்டைமாடிக்குக் கீழ் அறை என்றால் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். வெண்கலக் கோரி வகைக்கு 24 முதல் 26 போதும்.

அடுத்த முறை முட்டையை விரலால் மெல்ல உருட்டி எடுத்து, அதே தொட்டித் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போடுங்கள். காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஒன்று, லேசாக நிறம் தெரியுமளவு மெத்திலீன் நீலம் (பூஞ்சையைத் தடுக்கும் நீல மருந்து). 3 முதல் 5 நாளில் பொரியும்.

அந்த நீலத்தைப் பெரிய தொட்டியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியா அடிபடும், சிலிக்கான் ஓரத்தில் கறையும் போகாது.