எதிர்ப்பக்கத்தில் நிற்கும் மகள்

அன்புள்ள ஐயா,

எண்ணூரில் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து எழுதுகிறேன். என் பெயரும் குப்பத்தின் பெயரும் வெளியே வரவேண்டாம். என் மகள் பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிகளுக்கு இடையிலான விவாதப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். தலைப்பு, ‘வடசென்னையை வளர்த்தவை தொழிற்சாலைகளே’. சீட்டுக் குலுக்கியதில் இவளுக்கு ஆதரித்துப் பேசும் பக்கம் விழுந்துவிட்டது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எங்கள் வலையையும் படகையும் என்ன பாடு படுத்தியது என்று கண்ணால் பார்த்த பெண் அவள். அந்த எண்ணெயை வாளியில் அள்ளியவன் நான். இப்போது என் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு கம்பெனிக்காரர்களுக்காகப் பேசிப் பழகுகிறாள். என் அம்மா அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மனம் ஒப்பாததை மேடையில் பேசுவது பொய்தானே? பக்கத்தை மாற்ற முடியாது என்கிறார் ஆசிரியை. போகவேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போகட்டும். போட்டிக்கு அதிக நாள் இல்லை என்று உங்கள் கடிதத்தின் அவசரமே சொல்வதால், முடிவை முதலிலேயே எழுதிவிட்டேன்.

பொய் என்றால் யாராவது ஒருவர் ஏமாறவேண்டும். பக்கம் சீட்டில் விழுந்தது என்று நடுவருக்குத் தெரியும், எதிரணிக்குத் தெரியும், கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கும் தெரியும். 1988இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியிலும் இதே நடைமுறைதான். அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு 8 நிமிடம். எந்தப் பக்கம் பேசுவது என்பதை அவர்கள் விருப்பத்துக்கு விடுவதில்லை. சில சுற்றுகளில் தலைப்பையே ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் தருவார்கள். ஒரு சுற்றில் அரசின் பக்கம் நின்ற பிள்ளை அடுத்த சுற்றில் அரசை எதிர்த்துப் பேசும். அதைப் பார்த்து யாரும் அந்தப் பிள்ளையை நாணயமற்றவர் என்று சொல்வதில்லை.

பொய் வேறு வழியாக உள்ளே வரும். இல்லாத ஆய்வை இருப்பதாகச் சொல்வது, வாய்க்கு வந்த சதவீதத்தை எடுத்துவிடுவது, எதிரணி சொன்னதைத் திரித்துவிட்டு அந்தத் திரிபுக்குப் பதில் சொல்வது. இவற்றில் மட்டும் மகளிடம் கண்டிப்பாக இருங்கள். எந்தத் தலைப்புக்கும் இரண்டு பக்கமும் பேசலாம் என்றும் நான் சொல்லமாட்டேன். பிறப்பால் ஒருவர் தாழ்ந்தவரா என்று ஒரு பள்ளி தலைப்பு வைத்தால் பிள்ளையைக் கையோடு அழைத்து வந்துவிட வேண்டியதுதான். உங்கள் மகளின் தலைப்பு அந்த வகை இல்லை. அதில் இரண்டு பக்கமும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

கம்பெனிக்காரர்களுக்காகப் பேசுகிறாள் என்கிறீர்கள். அவள் பக்கத்தில் முதலாளி மட்டும்தானா நிற்கிறார்? 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் பெரம்பூரில் கூடி சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கமாக வரலாற்று நூல்கள் அதைத்தான் குறிப்பிடுகின்றன. தொழிற்சங்கத் தலைவர்களான வாடியாவும் திரு.வி.க.வும் அந்தத் தொழிலாளர்கள் நடுவே நின்று பேசினார்கள். ஆலை கொடுத்தது வாரக்கூலி மட்டும் அன்று. ஒரே சங்கு ஊதி ஆயிரக்கணக்கானவர்களை ஓரிடத்தில் சேர்த்தது. சேர்ந்தவர்கள் சங்கம் வைத்தார்கள், நியாயம் கேட்டார்கள், பிள்ளைகளைப் படிக்க அனுப்பினார்கள். மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017இல் நிறுத்தப்பட்டது. இவற்றின் சம்பளத்தில் எழும்பிய வீடுகள் திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் இருக்கின்றன. அந்த வீடுகளில் ஒன்றிலாவது மகள் போய் உட்கார்ந்து பேசட்டும். ஒப்பந்தத் தொழிலாளியாக மணலிக்குப் போய்வரும் இளைஞர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களிடமும் கேட்கட்டும்.

எண்ணெயைப் பற்றி எதிரணி எப்படியும் எடுக்கும். அதை மறைக்கவோ மழுப்பவோ அவள் முயலக்கூடாது. தானே முதலில் எடுத்துவிடவேண்டும். ‘எண்ணெய் வந்தது. நான் பார்த்தேன். என் அப்பா வாளியில் அள்ளினார். ஆலைகளைக் கண்காணிக்க வேண்டியவர்கள் கண்காணிக்கவில்லை என்பதற்கு அது சான்று. ஆலைகளால் இந்த ஊர் வளரவே இல்லை என்பதற்கு அது சான்று ஆகுமா?’ இப்படிக் கேட்டுவிட்டால் எதிரணி புதிதாக யோசித்தாக வேண்டும். பலமான உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டு அதற்கு மேல் வாதத்தைக் கட்டுகிற பிள்ளையை நல்ல நடுவர் எவரும் கவனிக்காமல் விடமாட்டார்.

இந்த விஷயத்தில் எனக்கு நீண்ட நாளாக ஒரு வருத்தம் உண்டு. வடசென்னை மேடைப் பேச்சில் ஊறிய மண். 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில் நனைந்தபடி அண்ணாவின் பேச்சைக் கேட்ட கூட்டத்தின் பேரப்பிள்ளைகள்தான் இங்கே இருப்பவர்கள். நான் பள்ளியில் படித்தபோது தண்டையார்பேட்டையில் எந்தப் பையனைத் தட்டினாலும் அடுக்குமொழியில் ஐந்து நிமிடம் பேசுவான். பேச்சு எங்களுக்கு வாய்த்தது. மறுமொழி வாய்க்கவில்லை. ஆசிரியர் எழுதிக் கொடுப்பார், நாங்கள் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்போம், கைதட்டல் எங்கே விழும் என்பதுகூடத் தாளில் குறித்திருக்கும்.

இன்றும் நடுவராகப் போகும் இடங்களில் அதையே பார்க்கிறேன். ஒரு போட்டியில் ஒரு மாணவி, ‘எனக்கு முன் பேசிய நண்பர் புள்ளிவிவரங்களை அடுக்கினார்’ என்று கையை நீட்டி முழங்கினாள். முன்னால் பேசிய பையன் ஓர் எண்ணைக்கூடச் சொல்லவில்லை. தன் பாட்டி பீடி சுற்றியதைப் பற்றி மட்டும், தடுமாறித் தடுமாறிப் பேசிவிட்டு அமர்ந்திருந்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. நல்ல குரல், நல்ல உச்சரிப்பு, பிசிறில்லாத மனப்பாடம். எழுதிக் கொடுத்தவர் மீது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பக்கத்தில் இருப்பவன் சொல்வதைக் கேட்கும் வாய்ப்பு அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமலே போய்விட்டது.

உங்கள் மகளுக்கு விழுந்த சீட்டு, அந்த வாய்ப்பை அவளுக்குத் தந்திருக்கிறது. தான் நம்புவதையே பேசும் பிள்ளைக்கு எதிர்ப்பக்கம் காதில் ஏறுவது சிரமம். இவளுக்கோ எதிரணி பேசப்போவது முழுவதும் நெஞ்சில் இருக்கிறது. சாம்பல் படிந்த கழிமுகம், இறால் குறைந்துபோன கொசஸ்தலை ஆறு, மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தும் பிசுக்குப் போகாத வலை. இத்தனையும் தெரிந்தவள், அவற்றுக்கு அந்தப் பக்கம் என்ன பதில் சொல்லும் என்று தேடிக் கற்கிறாள்.

இது போட்டியோடு முடிகிற காரியமும் இல்லை. 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, பெரிய ஆலை ஒன்று வருவதற்கோ விரிவாவதற்கோ முன்பு பெரும்பாலும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தவேண்டும். 30 நாள் முன்பே அறிவித்து, மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் ஓர் அதிகாரியோ தலைமை ஏற்கவேண்டும். அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். நம்மவர்கள் உண்மையைத்தான் பேசுகிறார்கள், நெஞ்சு வெடிக்கப் பேசுகிறார்கள். எதிரே இருப்பவர் வேலைவாய்ப்பு இத்தனை, மின்சாரம் இத்தனை என்று ஒரு தாளை எடுத்து வாசித்ததும், அந்தத் தாளுக்கு என்ன மறுப்பு என்று தெரியாமல் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் தாளை இப்போது உங்கள் மகளே எழுதிக்கொண்டிருக்கிறாள். அதில் எந்த வரி உறுதியானது, எந்த வரியைத் தட்டினால் உதிரும் என்று இந்தப் போட்டிக்குப் பிறகு அவளுக்குத் தெரிந்திருக்கும். இதை உங்கள் அம்மாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். பேத்தி யார் பக்கம் என்ற சந்தேகம் அவருக்குத் தீரும்.

உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். எதிரணியாக நீங்கள் உட்காருங்கள். கரைக்குப் போய்வந்த பிறகு அரை மணி நேரம் போதும். அவள் பேசும்போது குறுக்கே கேளுங்கள். விட்டுக்கொடுக்காமல் கேளுங்கள். எங்கள் வீட்டுக்கு எந்த ஆலை சோறு போட்டது என்று கேளுங்கள். மகளாயிற்றே என்று பார்க்காதீர்கள், அதே சமயம் அதட்டி உட்காரவைத்தும் விடாதீர்கள். ஒரு நோட்டுத் தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் நீங்கள் கேட்டதை அப்படியே அவள் எழுதட்டும், வலப்பக்கம் தன் பதிலை எழுதட்டும். வலப்பக்கம் காலியாக நிற்கும் இடங்களைத்தான் மறுநாள் அவள் படித்துத் தேடவேண்டும்.

ஆசிரியை முழுப் பேச்சையும் எழுதித் தந்தால் பணிவாக வாங்கிக்கொள்ளட்டும். படித்துப் பார்க்கட்டும். மனப்பாடம் செய்யவேண்டாம். தோற்றாலும் வென்றாலும், போட்டி முடிந்தபின் நடுவரிடம் போய் எங்கே மறுமொழி தளர்ந்தது என்று கேட்டுவிட்டு வரச்சொல்லுங்கள். கேட்டால் சொல்வார்கள்.

ஆண்டுகளோ எண்களோ சரிபார்க்க வேண்டியிருந்தால் மகளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள், அன்றைக்கே பார்த்துச் சொல்கிறேன். பேச்சை மட்டும் எழுதித் தரமாட்டேன்.

அன்புடன்