ப்ரீலோட் போட்டும் பக்கம் ஏன் தாமதம்?

கேள்வி: ஏலக்காய், மிளகு விற்கும் எங்கள் தளம் ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற வலைத்தள மென்பொருள் சட்டகத்தில் எழுதியது, தமிழ், மலையாளம் இரண்டிலும் உண்டு. நாலு ஃபாண்ட் (எழுத்துரு), பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஸ்டைல்ஷீட்டுகள், முகப்பு ஸ்லைடர் படங்கள் எல்லாவற்றுக்கும் ப்ரீலோட் (முன்கூட்டியே இறக்கச் சொல்லும் குறிப்பு) போட்டோம். குமுளி மலைச்சாலையில் போனில் திறந்தால் முன்பைவிடத் தாமதமாகிறது. ஏன்?
– வாசகர், கம்பம்

பதில்: எல்லாவற்றுக்கும் போட்டதுதான் காரணம். சிக்னல் குறைந்த இடத்தில், இருக்கிற கொஞ்ச வேகத்தையும் அத்தனை கோப்புகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ப்ரௌசர் தாமதமாகக் கண்டுபிடிக்கும் கோப்புக்குத்தான் ப்ரீலோட் வேண்டும். பக்கத்தின் தலைப்பகுதியில் இருக்கும் ஸ்டைல்ஷீட்டை அது எப்படியும் உடனே எடுத்துவிடும். அந்த வரிகளை நீக்குங்கள். ஃபாண்ட் அப்படியில்லை. ஸ்டைல்ஷீட் இறங்கி, அந்த ஃபாண்டில் காட்டவேண்டிய எழுத்து பக்கத்தில் இருப்பது தெரிந்த பிறகுதான் ப்ரௌசர் அதைக் கேட்கும்.

இருமொழித் தளத்தில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஸ்டைல்ஷீட்டில் யூனிகோட்-ரேஞ்ச் (எந்த எழுத்துகளுக்கு எந்த ஃபாண்ட் என்ற குறிப்பு) எழுதியிருந்தால் ப்ரௌசர் தேவையான ஃபாண்டை மட்டும் எடுக்கும். ப்ரீலோட் அதைப் பார்ப்பதே இல்லை. தமிழ்ப் பக்கத்துக்கு வந்தவருக்கும் மலையாள ஃபாண்ட் இறங்கும். லேஅவுட்டில் (எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான வார்ப்பு) லோகேலை, அதாவது பக்கத்தின் மொழியைப் பார்த்து, அந்த மொழியின் ரெகுலர் வோஃப்2 (வலைக்கான சுருக்கிய ஃபாண்ட் வடிவம்) கோப்பு ஒன்றை மட்டும் கொடுங்கள். போல்டு பின்னால் வரட்டும்.

பிறகு க்ரோமின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து பாருங்கள். ஒரே ஃபாண்ட் இரண்டு முறை இறங்கினால், லிங்க் டேகைக் கையால் எழுதி அதில் கிராஸ்ஆரிஜின் என்ற பண்பை எழுதாமல் விட்டிருப்பீர்கள். ஃபாண்ட் சொந்த சர்வரிலேயே இருந்தாலும் அது வேண்டும். ரெயில்ஸின் ப்ரீலோட் லிங்க் ஹெல்பர் (டேகை எழுதித் தரும் துணை நிரல்) ஃபாண்டுக்கு அதைத் தானே சேர்த்துவிடும். அப்படியும் இரண்டு முறை வந்தால் முகவரிகளை ஒப்பிடுங்கள்: ஒன்றில் டைஜெஸ்ட் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து உருவாகும் குறியீடு) சேர்ந்த பெயர், இன்னொன்றில் வெறும் பெயர் இருக்கும். ப்ரௌசருக்கு அவை வேறு வேறு கோப்புகள்.

ஸ்லைடரில் முதல் படம் மட்டும் போதும். அது இமேஜ் டேகில் இருந்தால் ப்ரீலோடே வேண்டாம். லேஸி லோடிங்கை (தேவைப்படும்போது மட்டும் இறக்கும் முறை) எடுத்துவிட்டு, இறக்கும் முன்னுரிமையைச் சொல்லும் ஃபெட்ச்ப்ரயாரிட்டியை ‘ஹை’ ஆக்குங்கள்.

கேள்வி: ரெயில்ஸ் 6.1க்கு மாறியதிலிருந்து சில பக்கங்களில் மட்டும் 502 (பின்னால் உள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்ற பிழை) வருகிறது. ப்ரீலோட் எதையும் நாங்கள் எழுதவில்லை.
– வாசகர், சித்தூர்

பதில்: நீங்கள் எழுதவில்லை, ரெயில்ஸ் எழுதுகிறது. 6.1 முதல் ஸ்டைல்ஷீட், ஜாவாஸ்கிரிப்ட் ஹெல்பர்கள் தாமாகவே, ப்ரீலோட் செய்யச் சொல்லும் லிங்க் ஹெடரைப் பதிலின் தலைப்பில் சேர்த்து அனுப்பும். கோப்புகள் நிறைய உள்ள பக்கத்தில் அது நீண்டு, ரெயில்ஸுக்கு முன்னால் நிற்கும் வலை சர்வரான எஞ்சின்எக்ஸ், ஹெடரை வாங்கி வைக்கும் 4 அல்லது 8 கேபி பஃபரில் அடங்காமல் போகும். எரர் லாகில் ‘ஹெடர் மிகப் பெரிது’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆக்‌ஷன் வியூ அமைப்பில் ப்ரீலோட் லிங்க்ஸ் ஹெடரை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள். பஃபரைக் கூட்டியும் தப்பிக்கலாம். ஆனால் அடுத்த கோப்புகள் சேரும்போது மறுபடி அதே 502தான்.